கீழ் லைனுக்கு வந்த ஜீப்

பருப்பு குக்கரில் கிடந்தது. முதல் விசில் வந்துவிட்டது. இரண்டாவது விசிலுக்காக ஒரு காதைச் சமையலறையிலேயே விட்டுவிட்டு வந்து சலோமி பால்கனியில் துணி உதறிக்கொண்டிருந்தபோதுதான், மேலே மலைச்சாலையின் முதல் வளைவில் அந்த வெள்ளை ஜீப் தெரிந்தது. ஜீப் தெரிவதில் ஒன்றுமில்லை. கடற்படைத் தளத்தில் ஜீப் ஓடாமல் வேறென்ன ஓடும். ஆனால் இது மெதுவாக வந்தது. அந்தமானுக்கு வந்த இரண்டு வருடத்தில் அவள் பார்த்த ஜீப்புகளெல்லாம் அந்த இறக்கத்தில் உருண்டு விழுகிற மாதிரிதான் வரும், டிரைவர்களுக்கு அது ஒரு வீம்பு. இது மடியில் தூங்குகிற குழந்தையை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல வந்தது. முன் இருக்கையில் வெள்ளைச் சீருடை. பின்னால் யார் என்று தெரியவில்லை, வளைவில் மரம் மறைத்துவிட்டது. மழை இப்போதுதான் விட்டிருக்கிறது, கொஞ்ச நேரத்தில் மறுபடி பிடித்துக்கொள்ளும், அதற்குள் மகன் ஜெபினின் பள்ளிக்கூடச் சட்டையாவது காய்ந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள், இப்போதும் அதையேதான் நினைக்கிறாள், காலரில் மைக்கறை போகவில்லை, எலுமிச்சம்பழம் தேய்த்திருக்கலாம், எலுமிச்சம்பழம் இந்தத் தீவில் விற்கிற விலைக்கு யார் அதைச் சட்டையில் தேய்ப்பார்கள். கை கிளிப்பைத் தேடிக்கொண்டிருந்தது. கண் மட்டும் மலையை விட்டு வரமாட்டேன் என்றது. பின் இருக்கையில் சேலை இருக்கக் கூடாது. சுடிதார் இருந்தால் பரவாயில்லை, யாராவது ஆபீசர் வீட்டுப் பெண் கேன்டீனுக்குப் போகிறாள் என்று வைத்துக்கொள்ளலாம். சேலை இருக்கக் கூடாது.

அந்த மலையில் யார் எங்கே இருப்பது என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, வந்த ஒரு வாரத்தில் கால்களே கற்றுக்கொண்டுவிடும். உச்சியில் தளபதியின் பங்களா, ஓடு வேய்ந்தது, அதைச் சுற்றி எப்போதும் வெட்டிக்கொண்டே இருக்கிற புல். அதற்குக் கீழே ஆபீசர்களின் வீடுகள், ஒவ்வொன்றுக்கும் கடல் தெரியும். நடு மலையில் பள்ளிக்கூடம், கேன்டீன், ஆஸ்பத்திரி, ஒரே கூரையின் கீழ் கோயிலும் குருத்வாராவும் சர்ச்சும். அதையும் தாண்டி இறங்கினால் தண்ணீர்த்தொட்டி. அங்கே சாலை இரண்டாகப் பிரியும், இடது பக்கம் பழைய பிளாக்குகள், வலது பக்கம் புது பிளாக்குகள், இரண்டும் சேர்ந்துதான் கீழ் லைன். மாலுமிகளின் குடும்பங்கள் எல்லாம் இங்கேதான். கீழ் லைனிலிருந்து கடல் தெரியாது, கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்களும் அவர்கள்தான். மாடிப்படி சுவரில் ஏறி எட்டிப் பார்த்தால் கப்பல்துறையின் கிரேன் மட்டும் தெரியும். அவள் புருஷன் ஆசீரின் கப்பல் அங்கே இல்லை என்றால் கிரேனுக்குப் பின்னால் வெறும் வானம். இப்போது வெறும் வானம்தான், போன வாரத்திலிருந்து. ஜீப் இரண்டாவது வளைவில் வந்தது. பின் இருக்கையில் சேலை இருந்தது. வெளிறிய மஞ்சள்.

ஆபீசர் மட்டும் வந்தால் யாரோ தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள், திட்ட வருகிறார். ஆபீசர் மனைவி மட்டும் வந்தால் கோலப்போட்டி. இரண்டு பேரும் ஒரே ஜீப்பில் வந்தால் என்ன என்பதைப் போன வருடம் மூன்றாம் பிளாக்கில் பார்த்தாகிவிட்டது. அரியானாக்காரி ஒருத்தி, பேர் சவிதா, கோதுமை மாவு பிசைந்த கையோடு கதவைத் திறந்தாள், பிசுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே கத்தினாள். பத்தே நாளில் அந்த வீட்டில் வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள், வங்காளிகள், வந்த அன்று சலோமிக்கு மீன் கொடுத்தார்கள். இங்கே அப்படித்தான். யாரும் இங்கே பிறந்தவர்கள் இல்லை. தலை நரைத்த மனுஷியை இந்த மலையில் பார்க்க முடியாது. இரண்டு வருடம், மூன்று வருடம், அப்புறம் டிரான்ஸ்பர், துளசித்தொட்டியையும் துடைப்பத்தையும் அடுத்தவளுக்கு விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு சுடுகாடுகூடக் கிடையாது. வந்த புதிதில் அதைக் கேட்டபோது ஆசீர் சிரித்தான். "எதுக்குட்டி அது? இங்கெ உள்ளவனெல்லாம் வேற ஊர்ல போயித்தான் சாவணும்." அவன் சிரித்தது ஞாபகம் வந்ததும் அவள் வாய்க்குள் ஏசுவே என்றாள். ஏன் இதை இப்போது நினைக்க வேண்டும். வேறு எதையாவது நினை. குக்கர். குக்கரில் இரண்டாவது விசில் வந்ததா? வந்திருக்கும், வந்தால் கேட்டிருக்கும், கேட்கவில்லை.

ஜீப் பள்ளிக்கூடத்தில் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் நிற்கவில்லை. நின்றிருந்தால் டாக்டரைப் பார்க்க வந்தவர்கள் என்று வைத்துக்கொண்டு உள்ளே போயிருப்பாள். இப்போது தண்ணீர்த்தொட்டிதான் மிச்சம். எதிர் பிளாக் பால்கனிகளில் பெண்கள் வந்து நிற்பதை அவள் பார்த்தாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஒருத்தி காய்ந்த துணியை எடுக்கிற மாதிரி, ஒருத்தி செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி, மழை பெய்து முடித்த செடிக்கு. இடது பக்கம் திரும்பட்டும். பழைய பிளாக்கில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அங்கே இருப்பவர்கள் பாதிப் பேர் கரை வேலைதான், ஒர்க்ஷாப்பும் ஸ்டோரும், அவர்களுக்கு என்ன ஆகப்போகிறது, சும்மா ஏதாவது ஊரிலிருந்து தகவல், யாருடைய அப்பாவோ தவறியிருப்பார், வயசானவர்தான், இருக்கட்டும். ஜீப் தொட்டியடியில் ஒரு கணம் நின்றது. டிரைவர் கையால் கண்ணாடியைத் துடைத்தான். வலது பக்கம் திரும்பினான். அவள் கையில் ஆசீரின் பனியன் இருந்தது. அதைக் கொடியில் போடாமல் தோளில் போட்டுக்கொண்டாள். வலது பக்கம் நான்கு பிளாக். முதல் பிளாக்கில் கப்பல்காரர்கள் யாரும் இல்லை, இல்லையில்லை, இருக்கிறார்கள், அந்த மலையாளத்தான், ஆனால் அவன் வேறு கப்பல், அந்தக் கப்பல் கரையில்தான் நிற்கிறது. இரண்டாம் பிளாக்கில் பஞ்சாபிகள். அந்தப் பஞ்சாபிக்காரியின் புருஷன் ஆசீரின் கப்பல்தான். அங்கே நில். ஜீப் அங்கே நிற்கவில்லை. அப்போதுதான் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. ஒவ்வொரு வாசலாகக் கொண்டுபோய் அந்த ஜீப்பை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கே நில், இல்லையா, சரி, அங்கே நில். நிறுத்திய வாசல் ஒவ்வொன்றிலும் ஒரு பெண் இருந்தாள், அவள் பேர் தெரியும், பிள்ளை பேர் தெரியும், யார் வீட்டில் எந்தக் கிழமை மீன் என்பது தெரியும். தெரிந்தும் நிறுத்தினாள். ஜீப் மூன்றாம் பிளாக்கையும் தாண்டி அவளுடைய பிளாக்கின் அடியில் வந்து நின்றது.

எட்டு வீடு. கீழ்த்தளத்து இரண்டும் கரை வேலை. ஒடியாக்காரி சுபாஷினியின் புருஷன் இப்போதுதான் வந்து டீ குடித்துவிட்டுப் போனான். முதல் மாடியில் ஒரு வீடு பூட்டிக் கிடக்கிறது, மற்றவன் லீவில். மூன்றாம் மாடிக்கு யாரும் குடிவரவில்லை, கூரை ஒழுகுகிறது. இரண்டாம் மாடியில் அவள், எதிர்க்கதவு மாரிச்செல்வி. ஆசீரும் அவள் புருஷன் சுடலைமுத்துவும் ஒரே கப்பல். சலோமி உள்ளே வந்து கதவின் பின்னால் நின்றாள். படியில் பூட்ஸ் சத்தம், அதற்குப் பின்னால் செருப்புச் சத்தம், சேலை கட்டியவள் ஏறுகிற மாதிரி நின்று நின்று. கடைசியாக ஆசீர் போனில் பேசியபோது என்ன சொன்னான்? மழையா என்று கேட்டான். வந்து பாருங்க என்று சொல்லிவிட்டாள். கோபம் ஒன்றுமில்லை, அடுப்பில் தோசை இருந்தது. வந்து பாருங்க. அதற்கு அவன் என்ன சொன்னான் என்பது ஞாபகம் வரவில்லை. ஏதோ சொன்னான். சரி என்றிருப்பான். அவன் எதற்கும் சரி என்பான். முதல் மாடி தாண்டியாகிவிட்டது. ஆண்டவரே, எதிர்வீடு. சொல்லியேவிட்டாள், வாயால், சத்தமாக இல்லை, உதடு அசைந்தது அவளுக்கே தெரிந்தது. மாரிச்செல்விக்கு இருபத்தொரு வயது, கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை, பிள்ளை இல்லை, ஊருக்குப் போனால் இன்னொரு வாழ்க்கை அமையும் என்று ஆண்டவருக்குக் காரணம்கூட எடுத்துச் சொன்னாள். எனக்கு ஜெபின் இருக்கிறான். காலிங் பெல் அடித்தது. அவளுடைய வீட்டு பெல்.

கதவைத் திறந்தபோது மிசஸ் பக்ஷி நின்றிருந்தாள், மனைவிமார் சங்கத்துத் தலைவி, மஞ்சள் சேலை. பக்கத்தில் ஓர் இளம் ஆபீசர், தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. மிசஸ் பக்ஷி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு எதையும் சொல்வதற்கு முன்னால் அவளுடைய இரண்டு கையையும் பிடித்து இந்தியில் சொன்னாள், உன் புருஷன் நன்றாக இருக்கிறான், கேட்கிறதா, அவன் நன்றாக இருக்கிறான். கேட்டது. கதவில் சாய்ந்தாள். சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள், அழுகிறாள் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அப்புறம்தான் எதிர்க்கதவில் தொங்குகிற பூட்டு கண்ணில் பட்டது. ஆபீசர் அதைக் காட்டித்தான் கேட்டார், இந்த வீட்டுப் பெண் எங்கே, அவளுக்கு இந்தி தெரியாதாமே, இங்கிலீஷும் தெரியாதாமே. நேற்று மெயின்லேண்ட் துறைமுகத்தில் கப்பலைக் கரையோடு பிணைக்கும்போது வடம் அறுந்துவிட்டது. அறுந்த வடம் அடித்ததில் முத்துவுக்கு இடது கால். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. இன்று சாயங்கால விமானத்தில் அவளை அனுப்புகிறோம், அவள் கூட ஒருவர் போகலாம். நீங்கள்தான் அவளிடம் சொல்ல வேண்டும். ஆபீசர் இவ்வளவையும் சொல்லி முடிக்கும்போது கருகல் வாடை வந்தது. மிசஸ் பக்ஷி ஒன்றும் கேட்காமல் நேராகச் சமையலறைக்குள் போய் அடுப்பை அணைத்தாள், குக்கரைத் தூக்கித் தொட்டியில் வைத்தாள், சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "வா," என்றாள்.

மாரிச்செல்வி பஜாருக்குப் போயிருந்தாள். வாரத்துக்கு ஒரு நாள் தளத்துப் பஸ் பெண்களை ஏற்றிக்கொண்டு பஜாருக்குப் போகும், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் தண்ணீர்த்தொட்டியடியில் கொண்டுவந்து இறக்கும். காலையில் அவள் கதவைத் தட்டிக் கேட்டாள், "எக்கா, உங்களுக்கு என்ன வாங்கணும்?" கறிவேப்பிலை என்றாள் சலோமி. பஜாரில் ஒரு தமிழ்க் கடை இருக்கிறது, அங்கே போவதென்றால் மாரிச்செல்விக்குத் திருவிழாவுக்குப் போகிற மாதிரி, வாயாரப் பேரம் பேசலாம். இங்கே ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்துவிட்டுச் சாயங்காலம் சலோமி வீட்டில் வந்து கொட்டித் தீர்ப்பாள். தொட்டியடியில் ஜீப்பை நிறுத்திவிட்டு அவர்கள் இறங்கிக் காத்திருந்தார்கள், ஒரு தூறல் வந்து விட்டது. ஆபீசர் கொஞ்சம் தள்ளிப் போய்ப் போன் பேசினார். எப்படிச் சொல்வது? அடிபட்டிருக்கிறது என்று ஆரம்பிப்பதா? அடிபட்டிருக்கிறது என்றால் செத்துப்போனான் என்று அர்த்தம் எடுத்துக்கொள்வாள், எல்லா ஊரிலும் அப்படித்தானே முதலில் சொல்லுகிறார்கள். உயிரோடு இருக்கிறான் என்று ஆரம்பிக்க வேண்டும். உயிரோடு இருக்கிறான் என்று ஆரம்பித்தால் வேறு என்னவோ இல்லை என்று ஆகிவிடுகிறதே. சுடலைமுத்து நல்ல உயரம். மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவுவான். ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் பந்தாடுவான், மாரிச்செல்வி பால்கனியில் நின்று யாருக்கும் கேட்காமல் கைதட்டுவாள். ஆண்டவரே, எதிர்வீடு என்று சொன்னது இப்போது நெஞ்சில் மீன்முள் மாதிரி நின்றது, விழுங்கவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை. நேற்றே நடந்தது. அவள் சொன்னதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நேற்றே நடந்தது என்றால் சொன்னது இல்லாமல் போய்விடுமா. போன வருடம் சவிதா வீட்டில் ஜீப் நின்றபோதும் இப்படித்தான் நிறுத்தினாளா? நிறுத்தியிருப்பாள். மூன்றாம் பிளாக்கில் நின்றதும் உள்ளே போய் டீ போட்டாள், அது ஞாபகம் இருக்கிறது, இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு. கூட ஒருவர் போகலாம் என்றார்களே, யார் போவது, மிசஸ் பக்ஷிக்குத் தமிழ் தெரியாது. ஜெபினுக்கு நாளைக்குப் பரீட்சை. சுபாஷினி பார்த்துக்கொள்வாள், அவள் பிள்ளைகளோடு இவனும் ஒரு வாய் சாப்பிடுவான். சொல்லாமலே தீர்மானம் ஆகிவிட்டது. அதில் அவளுக்கு நல்ல மனசு என்று ஒன்றும் இல்லை என்பதும் தெரிந்தது. கப்பல் அங்கேதானே நிற்கிறது, ஆசீரைப் பார்க்கலாம், இரண்டு காலோடு அவன் நடந்து வருவதைப் பார்க்கலாம். பஸ் மேல் வளைவில் ஹாரன் அடித்தது.

பெண்கள் ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள், ஜீப்பைப் பார்த்தார்கள், பையை மார்போடு அணைத்துக்கொண்டு தங்கள் தங்கள் பக்கம் வேகமாக நடந்தார்கள், ஓடாமல் ஓடினார்கள். மாரிச்செல்வி கடைசியாக இறங்கினாள், ஒரு கையில் பை, ஒரு கையில் கறிவேப்பிலைக் கொத்து. நேராகச் சலோமியிடம் வந்து பையைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தைத் தடவினாள். "எக்கா, என்னக்கா, அண்ணனுக்கு என்ன?" என்றாள். சலோமிக்குத் தயாரித்து வைத்தது எல்லாம் போய்விட்டது. "எனக்கில்ல செல்வி," என்றாள், "ஒனக்கு. முத்து உயிரோட இருக்கான். உயிருக்கு ஒண்ணுமில்ல. வடம் அறுந்து கால்ல அடிச்சிருச்சி. இடது கால எடுத்துட்டாங்க. முழங்காலுக்குக் கீழ." மாரிச்செல்வி கேட்டாள், "உசிரு இருக்குல்ல?" "இருக்கு." "அவுக பேசுதாகளா?" சலோமி ஆபீசரைக் கேட்டாள். காலையில் பேசினான், தண்ணீர் கேட்டான் என்றார். அதைச் சொன்னதும் மாரிச்செல்வி பஸ் நிறுத்தத்துச் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள். அழவில்லை. கறிவேப்பிலையை உருவ ஆரம்பித்தாள், இலை இலையாகக் கீழே விழுந்தது. "எக்கா, பஸ்ஸுல இருந்தே ஜீப்பப் பாத்துட்டேன். பக்கத்துல நீங்க நின்னீங்க. ஐயோ அண்ணனுக்குத்தான் என்னமோ ஆயிருச்சின்னு நெனச்சேன். நெனச்ச ஒடனே உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி வந்துச்சிக்கா. நமக்கில்லன்னு. சத்தியமா வந்துச்சி. அதுக்குத்தான் சாமி எனக்கு இப்பிடிக் குடுத்துட்டாரா?" சலோமி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நேற்றே நடந்ததுட்டி என்று சொல்லிப் பார்த்தாள். அது அவள் காதில் ஏறவில்லை, தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள், என் நெனப்புதான், என் நெனப்புதான் என்று. வேறு வழி இல்லை. "செல்வி, இங்கப் பாரு. ஜீப் மலையில எறங்கும்போதே நான் பாத்தேன். ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் கொண்டுபோயி நிறுத்தினேன். பஞ்சாபி வீட்டுல நிக்கட்டும்னேன். நிக்கல. படியில சத்தம் கேட்டதும் ஒன் வீடுன்னு ஜெபம் பண்ணேன். ஒன் பேரச் சொல்லி. பிள்ள இல்ல, சின்ன வயசுன்னு ஆண்டவருக்குக் காரணம் வேற சொன்னேன்." மாரிச்செல்வியின் தலை நின்றது. சலோமியைப் பார்த்தாள், கடைக்காரன் சொல்கிற விலை நிஜந்தானா என்று பார்க்கிற பார்வை. அறைவாள் என்று சலோமி நினைத்தாள், அறைந்தால் நன்றாயிருக்கும். "என் பேரச் சொல்லியா?" என்றாள் மாரிச்செல்வி. "ஆமா." "நானும் அண்ணன் பேரச் சொல்லித்தான் நெனச்சேன்." அதன் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. சலோமியின் தோளில் கிடந்த பனியனில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அது அங்கே கிடப்பதே சலோமிக்கு அப்போதுதான் தெரியும்.

மிசஸ் பக்ஷி மெதுவாக வந்து நேரமாகிறது என்றாள், துணிமணி எடுக்க வேண்டும், விமானத்தளம் தூரம். நான் கூடப் போகிறேன் என்றாள் சலோமி. ஆபீசர் தலையசைத்து அதைப் போனில் யாரிடமோ சொன்னார். மாரிச்செல்வி மூக்கைச் சிந்தித் துடைத்துவிட்டு எழுந்தாள். ஜீப்பில் ஒரு காலை வைத்தவள் நின்றாள். "எக்கா, அவருட்ட ஒண்ணு கேளுங்க. எடுத்த கால என்ன செஞ்சாகன்னு கேளுங்க. எங்க மாமாவுக்கு மில்லுல கை போனப்ப, கைய வாங்கிட்டு வந்து எங்க காட்டுலதான் பொதச்சாக. அத யாரும் தூக்கிப் போட்டுறக் கூடாதுக்கா." சலோமி ஆபீசரின் பக்கம் திரும்பினாள். அவளுக்குத் தெரிந்த இந்தி காய்கறிக்காரனிடமும் பள்ளிக்கூட டீச்சரிடமும் பேசிப் பழகிய இந்தி. கால் என்பதற்குச் சொல் உண்டு. புதைப்பதற்கு என்ன சொல்? அது இந்த மலையில் யாருக்கும் தேவைப்பட்டதில்லை. மண் தெரியும். உள்ளே தெரியும். வைப்பது தெரியும். முத்துவின் காலை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்கிறாள் சார், அதை மண்ணுக்குள்ளே வைக்க வேண்டுமாம், அவளே வைக்க வேண்டுமாம் என்று கோத்துக் கோத்துச் சொன்னாள். ஆபீசருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் மாரிச்செல்வியைப் பார்த்தார். அவருக்கும் இருபத்தைந்து, இருபத்தாறு வயதுக்கு மேல் இருக்காது. தெரியாது என்றார். அப்புறம், இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து எடுத்து வைக்கச் சொல்கிறேன் என்றார், எண்ணை அழுத்த ஆரம்பித்தார், தப்பாக அழுத்திவிட்டு மறுபடியும் அழுத்தினார். சலோமி அதைத் தமிழில் சொல்ல வாயெடுத்தாள். "வெளங்கிருச்சிக்கா," என்றாள் மாரிச்செல்வி. அவள் ஏறி ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து இடத்தில் கிடந்த மழைத்தண்ணீரைத் தன் உள்ளங்கையால் வழித்துவிட்டாள். "வாங்கக்கா," என்றாள். சலோமி ஏறி உட்கார்ந்தாள்.